கம்பத்துக்கு அடியில்

பந்தை நான் பார்ப்பதில்லை.
பதினொரு வருடமாக வெள்ளிக்கிழமை இரவுகள்,
வடக்கு டகோட்டாவின் கோதுமை ஊர்களில்
எத்தனையோ ஃபீல்ட் கோல்.
ஒன்றுகூடக் கம்பங்களைக் கடந்து பார்த்ததில்லை.

தலைமை நடுவரின் இடம்
உதைப்பவனுக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில்.
மண்டியிட்டுப் பந்தை நிறுத்துகிறவனின் விரல்கள்,
உதைத்த பின் ஒற்றைக் காலில் நிற்கும் பையன்,
அந்தக் காலின் மேல் யாரும் வந்து விழுகிறார்களா,
இவ்வளவுதான் எனக்கு.
பந்து கிளம்பும் சத்தத்தோடு சரி.

அது போய்ச் சேரும் இடத்தில் இரண்டு பேர்.
இடக்கம்பத்துக்கு ஆர்வின் ட்வைட்,
பண்ணை பண்ணையாகப் போய் காஸ் நிரப்புகிறவர்.
வலக்கம்பத்துக்கு லெராய் அஸூர்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
அவரவர் கம்பத்தின் பின்னால்
தொப்பி நழுவும் அளவுக்கு அண்ணாந்து நிற்பார்கள்.
குறுக்குக் கம்பியும் ஆர்வின் பொறுப்பு.

லெராயின் தங்கையைத்தான் ஆர்வின் கட்டியிருக்கிறார்.
ரயில் பாதையோரம் அவளுக்கு வந்த எண்பது ஏக்கரை
விற்றே ஆக வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றார்.
விற்றார்கள்.
நாலு கிறிஸ்துமஸாக அவள் இரண்டு தடவை சமைக்கிறாள்,
மதியம் அண்ணனுக்கு, இரவு கணவனுக்கு.

ஆனால் விதி விடாதே.
ஒருவர் மட்டும் கை தூக்க முடியாது.
முகத்தை முகம் பார்த்தாக வேண்டும்.
"உன் பக்கம்?"
"உள்ளே."
பிறகு சேர்ந்தாற்போல் முன்னால் ஓரடி,
நாலு கைகளும் மேலே.
வாரத்துக்கு அவர்கள் பேசுவது அவ்வளவுதான்.

போன வெள்ளி, இரண்டு புள்ளி பின்னால்,
மூன்று விநாடி மிச்சம்.
டோபியாஸ் க்ளுண்ட் என்கிற பையன்.
கம்பங்களின் உச்சியில் கட்டிய நாடாக்கள்
கிழக்கே விறைத்து நின்றன.
சத்தம் கேட்டது. கால் பத்திரம். யாரும் மோதவில்லை.
பாதிக் கூட்டம் கத்தியது, மீதிப் பாதியும் கத்தியது.
நிமிர்ந்தேன்.

கைகள் எழவில்லை.
கம்பத்தின் உச்சிக்கும் மேலே போயிருக்கிறது பந்து.
லெராய் இன்னும் அண்ணாந்தே இருந்தார்,
இருட்டுக்குள் கம்பத்தை நீட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி.
ஆர்வின் காத்திருந்தார்.
அந்தக் கம்பத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல எதுவுமில்லை.
வாய் மட்டும் அசைந்தது.
லெராய் தலையை ஆட்டினார்.
இருவரும் ஓரடி வைத்து,
மேசையைத் துடைக்கிற மாதிரி
கைகளைக் குறுக்கே வீசினார்கள்.

பையன் அப்போதும் நின்ற இடத்திலேயே நின்றான்.

திரும்பும் வழியில் வண்டி என்னுடையது.
பின் சீட்டில் அவர்கள், நடுவில் பைகள்.
ரயில்வே கேட்டில் நின்றோம். சரக்கு வண்டி.
நாற்பது பெட்டி போயிருக்கும்.

"கம்பம் இன்னும் அஞ்சடி இருந்திருந்தா..."
லெராய் குரல்.

ரொம்ப நேரம் கழித்து ஆர்வின்:
"மணி அடிச்ச மாதிரி கேட்டிருக்கும்."

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.
யாரென்று கண்ணாடியில் பார்க்கவில்லை.
பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.