ஏழாம் எண் ஃபேடர்

நாகமலை அடிவாரத்துக் கல்லூரி மைதானம்.
பெயர் வாசித்துக்கொண்டே வந்தாள் மைக் பிடித்த பெண்.
பாட்டுக்கு விசில், லீட் கிடாருக்கு விசில்,
டிரம்ஸுக்கு யாரோ வாளியைத் தட்டினார்கள்.
கடைசிப் பெயரில் தயங்கித்
தாளைத் திருப்பிப் பார்த்தாள்:
பேஸ் கிடார், மொக்கராசு.

இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள்.
உசிலம்பட்டிப் பக்கம் அது சாமி பெயர் என்று
அவன் சொல்லவில்லை.
செருப்பை ஜோடியாக ஸ்பீக்கர் ஓரம் விட்டான்.
தோள்வாரைக் கொஞ்சம் இறக்கினான்.
தடித்த கம்பியை ஒரே ஒருமுறை தொட்டான்.
என் மேசையில் தண்ணீர் பாட்டில் நடுங்கியது.

பதினெட்டு வருடமாக மிக்ஸர் முன்னால் இருக்கிறேன்.
காதுகுத்து, கட்சிக் கூட்டம், பூக்குழி, பட்டிமன்றம்.
மேடை ஏறுகிற மனிதனுக்கு
ஒரே ஒரு வேண்டுதல்தான்:
"இன்னும் கொஞ்சம் கூட்டுங்கண்ணே."
அன்று சாயங்காலம் பாடகன் கேட்டான்.
லீட் இரண்டு முறை கேட்டான்.
இவன் மட்டும்,
"இது போதும்ணே. அவங்களுக்கும் இடம் வேணும்ல."

ஏழாம் எண் அவனுடையது.
மூன்றாவது பாட்டில், சும்மா ஒரு குறும்புக்கு
அதைக் கீழே இழுத்தேன்.
எதுவும் நிற்கவில்லை.
கிடார் அலறியது, பித்தளைத் தட்டுகள் சிதறின.
ஆனால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள்
இருட்டில் ஒரு படி இல்லாத படிக்கட்டில்
கால் வைத்தவர்கள்போலத் தடுமாறி
ஏனென்று தெரியாமல்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
ஏற்றினேன்.
தரை திரும்பி வந்தது.

அவன் என்னைப் பார்த்தான்.
கோபம் இல்லை.
கறிக்கடையில் தராசு முள்ளைப் பார்க்கிற பார்வை.

அப்புறம்தான் அந்த விரல்களைக் கவனித்தேன்.
ஆள்காட்டியும் நடுவிரலும்
கடையடைத்த மாசி வீதியில்
பேசிக்கொண்டே நடந்துபோகும் இரண்டு பேர்.
ஓட மாட்டார்கள். நிற்கவும் மாட்டார்கள்.
எங்கோ ஒரு சுரம் வரவேண்டிய இடத்தில்
அவன் வாசிக்காமல் விடுவான்.
விட்டது கேட்கும்.
பக்கத்தில் லீட் முழங்காலில் விழுந்து
முடியை உதறிக்கொண்டிருந்தான்.
அவனுக்கு விழ இடம் கொடுத்துவிட்டு
இவன் அரையடி தள்ளி நின்றான், அவ்வளவுதான்.

ஐந்தாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது.

ஓவென்று கூட்டம்.
பாடகன் வாய் மட்டும் திறந்திருந்தது.
தூக்கிய குச்சியோடு டிரம்மர்.
ஒவ்வொன்றாய் செல்போன் விளக்குகள் எரிந்தபோது
பார்த்தோம்:
மொக்கராசு வாசித்துக்கொண்டிருந்தான்.
ஒரு சத்தமும் இல்லை.
விரல்கள் நடந்துகொண்டிருந்தன.

டிரம்மர் அந்த விரல்களைப் பார்த்தே
விளிம்பில் மெல்லத் தட்டத் தொடங்கினான்.
முன்வரிசை கைதட்டிப் பிடித்துக்கொண்டது.
பிறகு பின்வரிசை. பிறகு சுவர்மேல் இருந்தவர்கள்.
ஜெனரேட்டர்க்காரன் மூன்றாவது தடவை கயிற்றை இழுத்தான்.

கரண்ட் போனால் எல்லா ஃபேடரையும் இறக்க வேண்டும்.
அது விதி.
இறக்கினேன், ஏழைத் தவிர.
மறந்துவிட்டேன் என்றுதான் முதலாளியிடம் சொன்னேன்.

ஆகவே வெளிச்சம் வந்தபோது
முதலில் வந்தது அவன் மட்டும்,
தாளத்தில் அரிசி அளவு பிசகாமல்,
முதுகெலும்புக்குள்ளேயே இருந்த ஒன்றை
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.
மற்றவர்களை ஒவ்வொருவராக
அதன்மேல் ஏற்றிவைத்தேன்.

கூட்டம் கத்தியது.
லீட் இரண்டு கையையும் உயர்த்தினான்.
மொக்கராசு தோள்பட்டையில் வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

பாடகனைச் சுற்றி செல்ஃபி நடந்துகொண்டிருக்க
ஒயரைச் சுருட்டி முடித்து வந்தான்.
"கடைசி பஸ் போயிருச்சாண்ணே?"
டெம்போவில் ஏறச் சொன்னேன்.
ஆரப்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிறானாம்,
நாளைக் காலை ஒன்பதுக்கு நாலு மோட்டார் டெலிவரியாம்.
ரோட்டுக்கடையில் இரண்டு பரோட்டா சாப்பிட்டான்,
சால்னா மட்டும் இன்னொரு கரண்டி கேட்டான்.

வண்டி நகர்ந்ததும் தலையைச் சாய்த்தான்.
தூக்கம் என்று நினைத்தேன்.
"இடது பக்கம் பேரிங் போகுதுண்ணே, பாத்துக்கங்க."

ஆறு வருடமாக நான் ஓட்டுகிற வண்டி.
ரேடியோவை அணைத்தேன்.
காளவாசல் தாண்டும்போது
லேசாக,
எனக்கும் கேட்டது.