இரைச்சல் மட்டம்

முதலில் ஆண்டெனாவைக் கழற்றிப் பார்த்தேன்.
உஸ்ஸென்று மெலிதாக ஒரு சத்தம்,
ரிசீவரின் சொந்த உடம்புச்சூடு அது.
திரும்பச் செருகினால் இரைச்சல் ஏறுகிறது.
ஆக, காதில் குறையில்லை.
வெள்ளப்பள்ளம்தான் சத்தம் போடுகிறது.

பகலில் நான் மின்வாரிய வயர்மேன்.
ராத்திரிக்கு இரண்டு பனைகளுக்கு நடுவே
இருபது மீட்டர் செம்புக் கம்பி.
எர்த்துக்குக் கவலையில்லை:
இரண்டடி தோண்டினால் உப்புத் தண்ணீர்,
குழாயை நட்டால் பூமி கையைப் பிடித்துக்கொள்ளும்.

கேட்க வேண்டிய ஆள் வெகுதெற்கே,
தனியாக, ஒரு பாய்மரப் படகில்.
மோர்ஸ். அரை வாட்.
டார்ச் பல்புகூட அதில் அழுதுகொண்டுதான் எரியும்.
கடலில் பட்டு வானத்தில் பட்டு
அது வந்து சேர்வது
மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வருகிற மாதிரிதான்:
வழியில் எல்லா வாய்க்காலும் குடித்தது போக
மண் நிறம் மாறுகிற அளவுக்கு.

இங்கே மேற்கில் தமீமுன் வீட்டு இறால் குட்டைகள் எட்டு.
குட்டைக்கு நாலு ஏரேட்டர்,
ஒவ்வொன்றுக்கும் மலிவான ஒரு டிரைவ்.
ஏழு மெகாஹெர்ட்ஸ் முழுக்க
மாவு மில் மாதிரி அரைபடுகிறது.

ஏபி சுவிட்ச்சை இறக்கினால் போதும்.
பூட்டுச் சாவி என் சட்டைப்பையில்.
கேட்டால், லைன் ஃபால்ட் என்று சொல்லலாம்.
அரைமணி போதும் எனக்கு.
அரைமணியில் இறால் மேலே ஏறும்,
விடியும்போது வெளுத்து மிதக்கும்.
நான் இரைச்சல் என்பது
அதற்கு மூச்சு.

சாவியை அரிசி டப்பாவில் போட்டு மூடினேன்.
வெட்கமாக இருந்தது.

பிறகு அந்த வளையத்தை எடுத்தேன்,
பிவிசி குழாய்ச் சிலுவையில் கம்பி சுற்றியது.
அதற்கு இரண்டு பக்கம் செவிடு.
ஒரு செவிட்டைக் குட்டைப் பக்கம் திருப்பினேன்,
இன்னும் கொஞ்சம்,
சுண்டுவிரல் அகலம்,
மாவு மில் நின்றது.

அடியில் ஏதோ.
கொசுவா?
கொசு இடைவெளி விடாது.
இது நீளம், குட்டை, குட்டை,
நடுவே தயங்குகிற ஒரு கை.

நோட்டில் இருப்பது இவ்வளவு:
இரண்டு நாற்பத்தொன்று. காற்று தென்கிழக்கு.
குடிதண்ணீர் ஒன்பது லிட்டர்.
தூங்க
அதற்குமேல் அலை கரைந்துவிட்டது.
தூங்கப் போகிறாளா, தூங்க முடியவில்லையா,
தெரியாது.

கேட்டது என்று தட்டினேன்,
மூன்று தடவை.
மேற்கே முப்பத்திரண்டு மோட்டார்களும்
ஓடிக்கொண்டிருந்தன.