தவிட்டு அறை

மக்ரிபுக்குப் பிறகு லாபிர் ஹாஜியார் கோல் எடுத்தார்.
வாடகைப் பாக்கி என்றுதான் நினைத்தேன்.
"தங்கச்சி, உங்கட தையல் கடையில
பிள்ளைகளப் பாக்க எத்தின பேர்?
சம்பளம் ஆர் குடுக்கிற?
ஒண்டு விழுந்து மண்டை உடைஞ்சா?"

கொப்பியை விரித்தேன்.
பால்மா, பாய், பார்க்கிறவளின் சம்பளம்.
முதல் மாதம் நான் விட்ட பிழையையும்
மறைக்காமல் வாசித்தேன்.
கதவுக் கொண்டி உயரத்தில் இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் சம்மாந்துறை மில்லில்
பேக்கரி ஞானசீலனும் நின்றார், அளவு நாடாவோடு.
அவரிடம் நான்கு பெண்கள்தான்,
தனியே நடத்தக் கட்டாது.
ஹாஜியார் தவிட்டு அறையைத் திறந்தார்.
மூன்று பேரும் தும்மினோம்.

பிள்ளைத் தலைக்கா, ஆள் தலைக்கா
பங்கு பிரிப்பது?
பிளேன்டீ இரண்டு தரம் ஆறியது.
முதல் கிழமைக்கு என்ட ஆளை அனுப்புகிறேன்,
பழக்கி விடுவாள் என்றேன்.
அப்போதும் ஹாஜியார்
கல்குலேட்டரை வைக்கவில்லை.

நெல் காயப்போடும் வசந்தராணி
வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்,
இடுப்பில் பிள்ளை.
எங்களை ஒன்றும் கேட்காமல்
உள்ளே வந்தாள்,
அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"ஏணை கட்டினா
இந்த வளை தாங்கும்."