ஏணிப் பாட்டு

கேசட் எட்டு டாலர்.
அட்டைப்படம் அவளே வரைந்தது:
ஒரு கெட்டில், மூக்குக் கோணல்.
போர்ட் சால்மர்ஸ் நூலக வாசல் மேசையில்
விலைபோகாத தக்காளி நாற்றுகளுக்குப் பக்கத்தில்
பதினொன்று கிடந்தன.
மேல்தெரு ஃபெர்ன் கில்லெஸ்பி பாடுவாள் என்றே
அதுவரை எனக்குத் தெரியாது.

துறைமுகத்தில் இரவு வேலை எனக்கு.
கன்டெய்னர் தூக்கும் வண்டியின் உச்சியில்
கண்ணாடிக் கூட்டுக்குள் பத்து மணி நேரம்.
விடியும்போது இறங்கினால்
காதுக்குள் இரும்பு இன்னும் உருளும்.
அந்தக் காதோடுதான் காரில் அதைப் போட்டேன்.

முதல் பாட்டுக்கு முன்னால்
நாற்காலி கிறீச்சிடுகிறது. ஓர் இருமல்.
"ஓடுதா இது?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.
பிறகு கிட்டார்.
ஐந்தாம் தந்தி சுருதியில் நிற்கவில்லை,
அவளும் அதை வற்புறுத்தவில்லை.
பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமுகிறது
ஏறக்குறைய சரியான சுருதியில்.

தேன் குரல் இல்லை.
பல் மருத்துவரிடம் வலியைச் சொல்கிற குரல்:
எங்கே, எவ்வளவு, எப்போதிருந்து.

அம்மாவின் இறுதிச் சடங்கில்
சாண்ட்விச் தீர்ந்துபோனதைப் பற்றி ஒரு பாட்டு.
சிரித்துவிட்டேன்.
கொஞ்ச தூரம் போனபின்
சாலையோரம் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது.
முப்பத்தெட்டு வயதில் கடல்நீச்சல் கற்கப் போய்
கணுக்கால் நனைந்ததும் திரும்பியதைப் பற்றி ஒன்று.
காதல் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது,
அதையும் பூனைக்குக் கொடுத்திருந்தாள்.

ஐந்தாவது பாட்டு:
"டெஸ்மண்டிடம் இருக்கிறது என் ஏணி,
இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
கூரையோரத் தகர வாய்க்காலில்
புல் முளைத்துப் பூவும் விட்டாயிற்று."

டெஸ்மண்ட் நான்தான்.

வானொலியில் எத்தனையோ பேர்
எனக்காக உயிரைத் தருவதாகப் பாடியிருக்கிறார்கள்.
ஒருவர்கூட என் பெயரைச் சொன்னதில்லை.
ஏணியைக் கேட்டதில்லை.

சனிக்கிழமை, தெற்குக் காற்றும் மழையும்.
தோளில் ஏணியோடு மேட்டில் ஏறினேன்.
பேசப்போவதை வழியெல்லாம் தயார்செய்திருந்தேன்:
மறதி, முதுகுவலி, நைட் ஷிஃப்ட்.
கதவைத் தட்டினேன்.
உள்ளே ஏதோ நின்றது.

கழுத்தில் ஹெட்போனோடு வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை, ஏணியைப் பார்த்தாள்.
"கடவுளே, இனி அந்தப் பாட்டை எப்படிப் பாடுவேன்?
பொய்யாகிவிடுமே."
"மன்னிக்கணும்" என்றேன்.
"அதுக்குத்தான் கைதட்டல் அதிகம்."
"எத்தனை பேர்?"
"போன வெள்ளி டனீடினில் பதினாலு.
ரெண்டு பேர் என் அக்காக்கள்."

ஏணியை வைத்து மேலே ஏறினேன்.
புல்லும் சேறும் ஒரு டென்னிஸ் பந்தும்.
பாட்டில் சொன்னபடியே பூ இருந்தது,
மஞ்சள், சட்டைப் பொத்தான் அளவு.
கூட்டிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

கீழே வந்ததும் சொன்னாள்:
"எடுத்துக்கொண்டு போ."
"எதை?"
"ஏணியைத்தான். புதன்கிழமை கச்சேரி இருக்கு."
எடுத்துக்கொண்டு போனேன்.
இறக்கம் என்பதால் கனக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் இரண்டாவது கேசட்.
பத்து டாலர், நாற்றுகள் இல்லை.
மூன்றாம் பாட்டின் நடுவில்,
அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறாள்,
சொல் தொண்டை வரை வந்துவிட்டது,
மூன்று தட்டு.
கிட்டார் நிற்கிறது. "யாரு?"
நாற்காலி. காலடி. கதவு.
நிலையில் ஏணி இடிக்கும் ஒரு டங்.
அப்புறம் ஃப்ரிட்ஜ் மட்டும்
கிட்டத்தட்ட ஒரு நிமிடம் தனியாக.

வேறு யாராயிருந்தாலும் வெட்டியிருப்பார்கள்.
திரும்ப வந்து முதலிலிருந்து பாடியிருப்பார்கள்,
அந்தச் சொல்லையும் சொல்லியிருப்பார்கள்.
அவள் சொல்லவேயில்லை.
அவளுடைய அப்பா என்ன செய்தார் என்பது
என் தட்டலோடு போயிற்று.
வாரத்துக்கு இரண்டு முறை அதைக் கேட்கிறேன்,
ஒவ்வொரு முறையும்
இன்னும் கொஞ்சம் தாமதமாகத் தட்டியிருக்கலாம்.

அட்டையின் உள்பக்கம் பொடி எழுத்தில்:
கிட்டார், குரல்: நான்.
சுருதி: ஃப்ரிட்ஜ்.
தாளம்: டெஸ்மண்ட்.
ஏணி இன்னும் அவரிடம்தான்.