பதினான்கு மீட்டர்

கைக்கடிகாரம், பெல்ட், மோதிரம், லைட்டர்
எல்லாவற்றையும் தட்டில் வைக்கச் சொல்வார் யூசுப்.
தலையில் எண்ணெய் தடவியிருக்கிறேனா என்று
மோந்து பார்ப்பார்.
ஆக்சிஜனுக்கு ஒரு பொறி போதும் என்பார்,
ஹித் கப்பல் பட்டறையில்
பதினாறு வருஷம் பொறியில் சோறு தின்ற
வெல்டரிடம்.

கதவு மூடுகிறது. முள் நகர்கிறது.
தண்ணீர் இல்லாத கடலுக்குள் இறங்குகிறோம்:
நான்,
சர்க்கரையில் கால்விரல் போன எகிப்துக்காரர்,
பேசவே பேசாத ஒரு பெரிய வீட்டுப் பெண்மணி.

காது அடைக்கும், எச்சிலை விழுங்குங்கள் என்று
முதல் நாள் சொன்னார்கள்.
எச்சில்!
முப்பத்துமூன்று நாள் கதிரில் அந்த ஊற்று வற்றிவிட்டது.
பாட்டில் தண்ணீர் இல்லாமல்
ஒரு வாக்கியம் முடியாது எனக்கு.
சரி, கொட்டாவி விடுங்கள் என்றார்கள்.
வாய் ஒன்றரை விரல்தான் திறக்கும்.
மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டேன்.

புகையிலைப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தவன்
நான்தான், வேறு யாருமில்லை.
அதே பல்லுக்குப் பின்னால்
இப்போது எலும்பு எட்டிப் பார்க்கிறது.
நாக்கு போய்ப் போய்த் தொடுகிறது.
உயிரை மீட்டுக் கொடுத்த கதிர்
நான்கு வருஷம் கழித்து வட்டி கேட்கிறது.

அரை மணிக்கு ஒருமுறை முகமூடியைக் கழற்றி
ஐந்து நிமிஷம் சும்மாக் காற்றைக் குடிக்கலாம்.
"எத்தனை?" என்பார் எகிப்துக்காரர்.
"பதினேழு."
கேம்ப்பில் லீவுக்கு நாள் எண்ணும் குரல்தான்
இருவருக்கும்.

முப்பது முறை இறங்க வேண்டும்,
அப்புறம் பல்லைப் பிடுங்குவார்கள், அப்புறம் பத்து.
இன்சூரன்ஸ் இருபதோடு கையை விரித்தது.
மீதிக்கு ஃபோர்மேன் குர்மீத் கட்டில் கட்டிலாகப் போய்
துண்டேந்தினார்.
வந்த நோட்டுகளில் கிரீஸ் வாசனை.
யூசுப் மோந்து பார்த்திருந்தால்
உள்ளே விட்டிருக்க மாட்டார்.

மேகலா வீடியோவில் கேட்கிறாள்,
ஏன் பல்லைக் கடித்துக்கொண்டே பேசுறீங்க?
இங்கே குளிர் என்கிறேன்.
ஜூலை மாதம்.
அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

இருபத்தாறாம் நாள்
டாக்டர் ஓரத்தில் மெல்லச் சுரண்டினார்.
பஞ்சில் சிவப்பாக ஒரு பொட்டு.
நான் பதறினேன்.
அவர் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார்:
சுண்ணாம்பாய்க் கிடந்த இடம்,
பாருங்கள், கசிகிறது!

இந்த ஊரில் என் ரத்தத்தைப் பார்த்து
இதற்கு முன் யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

கம்பெனி பஸ் வரவில்லை.
நிழற்குடையில் நின்றபடி
நாக்கு மறுபடி அங்கே போயிற்று.
இரும்பின் ருசி, எனக்குத் தெரிந்த ருசி.
விழுங்க
ஏதோ இருந்தது.