இடது தோளில் ஒழுக்கு

ஜெஸீமாவின் றெயின்கோட்டுக்கு
நான் எழுதிக் கொடுத்த முதல் விளம்பரத்தில்
ஒரு புருஷன் நனைந்து வந்தான்,
ஒரு மனைவி வாசலில் அழுதாள்.

தையல் மெசினை நிறுத்தாமலே வாசித்தாள்.
"ஆரு மனே இந்தப் பொம்புள?
மழைக்கு எவள் அழுவா?
கொடியில கிடக்கிற உடுப்ப எடுக்க ஓடுவா."

வெட்டினேன்.
மறுகா என்னத்தை எழுத?

அக்கரைப்பற்றுக் கடைத்தெருவில்
மழை தகரத்தை உதைத்துக்கொண்டிருந்தது.
நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள்:
திருக்கோயில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் யோகராசா
நாலு மழை பார்த்துவிட்டுத்
திரும்பக் கொண்டுவந்தது,
"தங்கச்சி, இடது தோளால ஒழுகுது" என்றது,
காசு கேட்காமல் நின்றது,
இவள் பிரித்து
மூட்டைக் கக்கத்துக்குக் கீழே இறக்கித் தைத்தது,
தம்பிக்குப் போட்டுவிட்டு
வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தது.

அதையே எழுதினேன்.
ஒழுகியதையும்.

"ஒழுகின கதையச் சொன்னா ஆரு வாங்குற?"
என்றாள்.
பிறகு, சரி போடு என்றாள்.

அன்றிரவு போன் அடங்கவில்லை.
விலை கேட்டவர் இரண்டே பேர்.
மற்றதெல்லாம் கதை.
பொத்துவிலில் ஒருவருக்கு வலது முழங்கால்.
சம்மாந்துறைப் பால்காரருக்குப் பிடரி.
பெயர் போடாத ஒரு பிள்ளை:
"எங்கட அம்மா எப்பவும் பின் சீற்றில.
ஓடுறவருக்குத்தானே எல்லாரும் தைக்கிறீங்க."

ஜெஸீமா மெசினை நிறுத்தினாள்.
கழுத்திலிருந்து அளவு நாடாவை உருவினாள்.
விளம்பரம் கிடக்கட்டும்,
அந்தப் புள்ளைக்கு எழுது:
அம்மா ஒருபக்கமாவா இருக்கிற,
ரெண்டு பக்கமும் கால் போட்டா?