செவ்வாய்க்கிழமை மேலே வந்தவை

சூரியன் விடுப்பில் போய்ப் பதினொரு நாள்.
நார்வேயின் வட விளிம்பில், செனியா தீவுக்கு மேற்கே,
பகல் என்பது மலைக்குப் பின்னால் யாரோ
அடுப்பைப் பற்றவைத்து உடனே அணைப்பது.

இருநூறு பாகம் ஆழத்திலிருந்து
ஹாலிபட் கயிற்றை வின்ச் இழுத்துக்கொண்டிருந்தது.
சுக்கானில் தூர்டிஸ், ஓரத்தில் கொக்கியோடு நான்.
என் முன்னாள் மனைவியின் தங்கை அவள்.
எங்களுக்குள் பேச்சு குறைவு;
கூலி சரியாக வந்துவிடும்.

முதலில் கனம் வந்தது. பிறகு வாடை,
மூத்திரச் சந்தில் உப்பைக் கொட்டியது போல.
அதற்கும் பிறகுதான் சுறா.
என் லாரியின் நீளம், ஈரச் சாம்பல் நிறம்.
கயிற்றை மேலெல்லாம் சுற்றிக்கொண்டு
ஒரு சண்டையும் போடாமல்
தூக்கத்தில் நடப்பவரைப் போல ஏறி வந்தது.
விளக்கைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன்.
கண்மணியைக் கவ்வி ஒரு புழு தொங்கியது,
வெளுத்த குஞ்சம் போல.
இது குட்டியாய் இருந்தபோது நம் ஊரில்
தேவாலயம் கட்டியிருந்தார்களா என்றாள் தூர்டிஸ்.
எனக்கு எப்படித் தெரியும்.

புதுக் கயிறு. கடன் இன்னும் தீரவில்லை.
அறுத்தோம்.
அது போகவில்லை.
கீழே என்பது எந்தப் பக்கம் என்று
மறந்துவிட்டதைப் போல
படகை ஒட்டியே கிடந்தது.

அப்போது இடப்பக்கம் இருட்டு தும்மியது.
கூனல் திமிங்கிலங்கள், நான்கோ ஐந்தோ.
ஹெர்ரிங் கூட்டத்தைப் பந்தாய்த் திரட்டி
கிடங்குக் கதவாய் வாயைத் திறந்து மூடி
பெருமூச்சு விட்டன.
அழுகிய முட்டைக்கோஸ் வாடையோடு
எங்கள் முகத்தில் தூறல்.
எவ்வளவு ஆழம் போனால் என்ன,
காற்றிடம் கடன் வாங்கிய குடும்பம்;
தவணை கட்ட வந்தே ஆகவேண்டும்.

வானொலி கரகரத்தது.
நோயாளி ஒருவரை இறக்க வேண்டுமாம்.
வழக்கமான படகுக்கு எஞ்சின் கோளாறு;
பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.
படம் எடுக்கக் கூடாது.
டீசலுக்கு யார் தருவார்கள் என்று கேட்டாள் தூர்டிஸ்.

அரை மணியில் ஒரு தீவு முளைத்தது.
முளைக்கும் ஓசைகூட இல்லை,
வழியும் தண்ணீரின் ஓசைதான்.
எந்த நாடென்று எங்கும் எழுதவில்லை.
மூடி திறந்ததும் சிவப்பு வெளிச்சம்,
கூடவே வெங்காயம் வதக்கும் மணம்.
ஒரு பையனைக் கயிற்றில் கட்டி
எங்கள் தளத்தில் இறக்கினார்கள்.
இருபத்திரண்டு இருக்கும். இரு காதிலும் பஞ்சு.
முதல் மூச்சை ஆழமாக இழுத்தான்,
கடலில் குனிந்து வாந்தி எடுத்தான்.
நாறுகிறது என்றான் ஆங்கிலத்தில்.
எழுபது நாள் இயந்திரம் செய்த காற்றைக் குடித்தவனுக்கு
உலகம் நாறத்தான் செய்யும்.

கேட்பது அவன் வேலை.
இருட்டில் உட்கார்ந்து
தண்ணீரில் யார் வருகிறார் என்று கேட்பது.
இப்போது சீழ்.
திமிங்கிலங்கள் மறுபடி மூச்சு விட
ஒரு காதின் பஞ்சை எடுத்தான்.
"இவற்றில் ஒருவனை எனக்குத் தெரியும்.
பாட்டின் நடுவில் அவனுக்கு விக்கல் வரும்.
மூன்று வாரம் கூடவே வந்தான்."
ஒவ்வொரு முதுகாகப் பார்த்தான்.
"எவன் என்றுதான் தெரியவில்லை."

செப்டம்பரில் என் வலையை இழுத்துப் போனது
நீங்கள்தானே என்று கேட்டாள் தூர்டிஸ்.
அவசரமாகப் பஞ்சைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

கறுப்புத் தீவு வந்த வழியே போனது.
கடல் அந்த இடத்தை மூடி
சுருக்கம் நீக்கி விரித்துவிட்டது.
சுறா எப்போது கிளம்பியது
என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

துறைமுகம் வரும்வரை தூர்டிஸ்
மீன்துறைப் படிவத்தை நிரப்பினாள்.
ஹாலிபட், மூன்று. கயிறு, நட்டம்.
மற்றதற்கெல்லாம் அதில் கட்டம் இல்லை.
வலைக் குவியல் மேல் பையன்
வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்,
அவ்வளவு காற்றையும்
தாராளமாக வீணடித்தபடி.